வாய்ப் பேச்சில் வாடகைக்குக் கொடுத்த வீடுகள்

சில வாரங்களுக்கு முன்னர் அஸர் தொழுகை முடிந்து பள்ளிவாசல் நிர்வாக அறையில் கணக்குப் புத்தகத்தோடு இருந்தபோது ஒரு சகோதரி தனது தம்பியோடு வந்தார். பதினொரு வருடம் கணவரோடு கட்டாரில் இருந்துவிட்டு நிரந்தரமாக ஊர் திரும்பியவர். வாப்பா சீதனமாகக் கொடுத்த வீடு. பிற்பாடு கட்டார் காசில் மேல்மாடி எடுத்திருக்கிறார்கள். அதில் ஒரு குடும்பம் ஒன்பது வருடமாக வாடகைக்கு இருக்கிறது. "வீடு வேண்டும், எழும்பித் தாருங்கள்" என்று கேட்டால், "நாங்களும் இந்த வீட்டுக்குச் செலவழித்திருக்கிறோம், அதற்கு ஒரு பதில் சொல்லுங்கள்" என்கிறார்களாம். எழுத்தில் எதுவும் இல்லை. வாடகைக் காசைத் தம்பி கையில் கொடுத்திருக்கிறார்கள். தம்பி உம்மாவிடம் கொடுத்திருக்கிறார். உம்மா மௌத்தாகி இரண்டு வருடம் ஆகிவிட்டது.

"ஹாஜியார், கரண்டை வெட்டினால் தானாகப் போய்விடுவார்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். மீற்றர் என் பெயரில்தானே இருக்கிறது. வெட்டலாமா?" என்று கேட்டார்.

ஒரு வருடத்துக்குள் இதே கேள்வி என்னிடம் வருவது இது மூன்றாவது தடவை. நான் சட்டத்தரணி அல்ல. ஆனால் பதினெட்டு வருடமாக ஊர்ப் பிரச்சினைகளில் நடுவில் இருந்து பேசி வருகிறேன். நானும் மேல்மாடி ஒன்றை வாடகைக்குக் கொடுத்து அடிபட்டவன். சொத்துப் பிரச்சினை என்று நம் முன்னால் வருபவற்றில் வாடகை வீட்டுப் பிரச்சினைகளின் எண்ணிக்கை கூடிக்கொண்டே போகிறது. வெளிநாட்டில் உழைத்த காசை நம்மவர்கள் கொட்டுவது வீட்டிலும் கடை அறையிலும்தான் என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டியிருக்கிறது.

முதலில் அந்தச் சகோதரியின் கேள்விக்கு வருகிறேன். வெட்டக் கூடாது. பூட்டை மாற்றவும் கூடாது. ஆட்களைக் கூட்டிப்போய் சாமான்களை வெளியே எடுத்து வைக்கவும் கூடாது.

2025 ஆம் ஆண்டில், குடியிருப்பாளர்களைப் பாதுகாப்பதற்கான சட்டமூலம் ஒன்று வர்த்தமானியில் வெளியானபோது வட்ஸ்அப் குழுக்களில் பெரிய பீதி பரவியது. "வாடகைக்காரனுக்கு வீட்டை எழுதிக் கொடுக்கப் போகிறார்கள்" என்று குரல் பதிவுகள் வந்தன. அந்தச் சட்டமூலத்தின் சாரம் இதுதான்: உரிமையாளரின் சம்மதத்தோடு வீட்டுக்குள் வந்த ஒருவரை நீதிமன்றக் கட்டளை இல்லாமல் வெளியேற்றக் கூடாது, அவரை விரட்டுவதற்காகத் தண்ணீரையும் மின்சாரத்தையும் தடுக்கக் கூடாது, மீறினால் அது குற்றம். வீட்டுக்காரர்களின் அச்சத்தில் நியாயம் இருக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. மாவட்ட நீதிமன்றத்தில் ஒரு வெளியேற்றல் வழக்கு எத்தனை வருடம் இழுபடும் என்பது நமக்குத் தெரியும். வழக்கை விரைவுபடுத்தாமல் வீட்டுக்காரரின் கையை மட்டும் கட்டுவது அரைகுறை வேலை. ஆனால், "இது வந்தால்தான் நமக்கு ஆபத்து, வரும்வரை நாம் எதுவும் செய்யலாம்" என்று நினைப்பது தவறு. அந்தச் சட்டமூலம் சொல்வதில் முக்கால்வாசி நாற்பது வருடத்துக்கு மேலாக நம் நாட்டில் நடைமுறையில் உள்ளதுதான்.

1979 ஆம் ஆண்டின் 44 ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66 ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. காணி, வீடு சம்பந்தமாகச் சமாதானக் குலைவு ஏற்படும் என்றால் பொலிஸாரோ, பாதிக்கப்பட்டவரோ நீதிமன்றத்துக்குப் போகலாம். கடந்த இரண்டு மாதத்துக்குள் ஒருவர் பலாத்காரமாக வெளியேற்றப்பட்டிருந்தால் அவரைத் திரும்பக் குடியமர்த்தும்படி நீதவான் உத்தரவிடலாம். அங்கே உறுதி யாருடைய பெயரில் இருக்கிறது என்பது கேள்வியல்ல, யார் இருந்தார், யார் வெளியே தள்ளினார் என்பதே கேள்வி. எனக்குத் தெரிந்த ஒருவர் நோன்பு காலத்தில் வாடகைக் குடும்பம் உறவினர் வீட்டுக்கு இஃப்தாருக்குப் போன நேரம் பார்த்துப் பூட்டை மாற்றினார். அடுத்த வாரமே அதே குடும்பத்தைப் பொலிஸ் முன்னிலையில் திரும்ப உள்ளே விட வேண்டி வந்தது. அதற்குப் பிறகு அவர்கள் வாடகையும் கொடுக்கவில்லை. ஊரில் அவருக்கு இருந்த மரியாதையும் போனது.

ஆக, கையால் எடுக்கும் வழி அடைபட்டிருக்கிறது. எழுத்தால் எடுக்கும் வழிதான் பாக்கி. அங்கேதான் நாம் கோட்டை விடுகிறோம்.

நம்மில் பலர் "எழுதித்தானே கொடுத்தேன்" என்பார்கள். வாங்கிப் பார்த்தால், புத்தகக் கடையில் வாங்கிய ஒரு படிவம், அல்லது முத்திரை ஒட்டி இரு தரப்பும் கையெழுத்து வைத்த ஒரு கடதாசி. இரண்டு வருடத்துக்கு வாடகை என்று அதில் இருக்கும். 1840 ஆம் ஆண்டின் மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டம் என்ன சொல்கிறது தெரியுமா? ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை எதுவானாலும் நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு எழுதப்பட்டால்தான் செல்லுபடியாகும். வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம், இன்றும் உயிரோடு இருக்கிறது. உங்கள் இரண்டு வருடக் கடதாசியைச் சட்டம் இரண்டு வருடக் குத்தகையாகப் பார்க்காது. அதிகபட்சம் மாதவாரி வாடகையாகவே பார்க்கும். "வருடம் முடிந்துவிட்டது, உடன்படிக்கைப்படி எழும்பு" என்று நீங்கள் அதைக் காட்ட முடியாது. அதேபோல, "இரண்டு வருடம் முடியும்வரை எழும்ப மாட்டேன்" என்று வாடகைக்கு இருப்பவரும் காட்ட முடியாது. இரு தரப்புக்குமே நட்டம்.

நொத்தாரிசு முன்னிலையில் எழுதினால் என்ன லாபம் என்று கேட்பவர்களுக்கு 2023 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்கச் சட்டத்தைச் சொல்ல விரும்புகிறேன். குத்தகைக்குக் கொடுத்த இடத்தின் உடைமையைத் திரும்பப் பெறுவதற்கென்றே கொண்டுவரப்பட்ட சட்டம் அது. முறையாக நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்பட்ட குத்தகையின் காலம் முடிந்த பிறகும் ஒருவர் எழும்பாவிட்டால், வழமையான நீண்ட வழக்குக்குப் பதிலாகச் சுருக்கமான வழியில் மாவட்ட நீதிமன்றத்தை நாடலாம். வீட்டுக்காரர்கள் அரசாங்கத்தை ஏசிக்கொண்டிருக்கும் நேரத்தில் அவர்களுக்குச் சாதகமான ஒரு கதவு திறந்துதான் இருக்கிறது. ஆனால் நுழைவதற்கு ஒழுங்கான உறுதி வேண்டும். நொத்தாரிசின் கட்டணமும் முத்திரைத் தீர்வையும் சேர்ந்தால் கொஞ்சம் செலவாகும் என்பது உண்மை. அந்தச் செலவை மிச்சம் பிடித்துவிட்டுப் பிறகு சட்டத்தரணிக்கு மூன்று வருடம் கட்டணம் கட்டுபவர்களைத்தான் நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எழுதியதைக் காணிப் பதிவகத்திலும் பதிந்துவிடுங்கள்.

இன்னொரு அச்சம் நம் ஊர்களில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. "பத்து வருடம் ஒருவன் இருந்துவிட்டால் வீடு அவனுக்கே சொந்தம்" என்பது. அதனால் ஒன்பதாவது வருடத்தில் நல்ல குடும்பத்தைக் காரணமில்லாமல் எழுப்புபவர்கள் உண்டு. மூடி வைத்துக் கரையான் அரிக்க விடுபவர்களும் உண்டு. 1871 ஆம் ஆண்டின் நீண்டகால ஆட்சி பற்றிய கட்டளைச் சட்டம் பத்து வருடம் என்று சொல்வது உண்மைதான். ஆனால் அது உரிமையாளருக்கு எதிராக, உரிமையாளரை ஏற்றுக்கொள்ளாமல் இருந்த பத்து வருடம். வாடகைக்கு வந்தவர் உங்கள் அனுமதியோடு வந்தவர். வாடகையாளராக வந்தவர் அந்த உறவு நீடிக்கும்வரை "நீ உரிமையாளர் இல்லை" என்று சொல்லச் சாட்சியச் சட்டமும் இடம் கொடுக்காது. பத்தல்ல, இருபது வருடம் இருந்தாலும் அவர் வாடகையாளர்தான்.

அப்படியானால் பிரச்சினை எங்கே? அவர் வாடகைக்கு வந்தவர் என்பதை நீங்கள் நிரூபிக்க வேண்டும். உடன்படிக்கை இல்லை, பற்றுச்சீட்டு இல்லை, வங்கியில் போட்ட பதிவு இல்லை, வாடகை வாங்கிய உம்மா உயிரோடு இல்லை என்றால் எதைக் காட்டுவீர்கள்? வாடகைப் பற்றுச்சீட்டு வாடகைக்கு இருப்பவரின் பாதுகாப்புக்கு என்றுதான் நாம் நினைக்கிறோம். "கேட்டால் பார்க்கலாம்" என்று கொடுக்காமல் இருக்கிறோம். அதன் அடிக்கட்டை உண்மையில் வீட்டுக்காரரின் உறுதி மாதிரி. மாதா மாதம் வங்கிக் கணக்குக்கு வாடகை வந்தால் இன்னும் நல்லது. வெளிநாட்டில் இருப்பவர்கள் தம்பி, மச்சான் கையில் காசு வாங்கச் சொல்வதை இன்றோடு நிறுத்துங்கள். வாடகை உரிமையாளரின் பெயரில் உள்ள கணக்குக்கே வரட்டும். தம்பிக்குச் செலவுக்குக் கொடுக்க விரும்பினால் பிறகு நீங்கள் அனுப்பிக் கொடுங்கள். நம் ஊர்களில் வீடு பெண் பிள்ளைகளின் பெயரில்தான் இருக்கிறது, நிர்வாகம் ஆண்களின் கையில் இருக்கிறது. இந்த இடைவெளியில் விழுந்த காசு எத்தனை குடும்பங்களைப் பிரித்திருக்கிறது என்று பள்ளிவாசல் நிர்வாகங்களைக் கேட்டால் தெரியும்.

பழைய வாடகைச் சட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1972 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க வாடகைச் சட்டத்தால் கையைச் சுட்டுக்கொண்ட குடும்பம் எங்களுடையது. வாப்பாவுக்குக் கொழும்பில் ஒரு சிறிய கடை இருந்தது. அறுபதுகளில் கொடுத்த வாடகைக்காரர் மௌத்தாக, மகன் தொடர்ந்தார். சட்டம் அதற்கு இடம் கொடுத்தது. நான் பள்ளிக்கூடம் போகும்போதும் 187 ரூபா 50 சதம், என் மகன் பள்ளிக்கூடம் போகும்போதும் 187 ரூபா 50 சதம். கடைசியில் அவர் சொன்ன விலைக்கு அவருக்கே எழுதிக் கொடுத்தோம். 1980 ஆம் ஆண்டின் திருத்தமும் 2002 ஆம் ஆண்டின் திருத்தமும் பல வீடுகளை அந்தச் சட்டத்தின் பிடியில் இருந்து விடுவித்துவிட்டன. ஆனாலும் பட்டினங்களில் பழைய கட்டிடம் வாங்கப் போகிறவர்கள், உள்ளே யார் இருக்கிறார், எந்தக் காலத்திலிருந்து இருக்கிறார், சட்டம் அவரைப் பாதுகாக்கிறதா என்று பார்க்காமல் முற்பணம் கொடுக்க வேண்டாம். "ஆளை நாங்கள் எழுப்பித் தருகிறோம்" என்று தரகர் சொல்லும் வார்த்தைக்கு ஒரு ரூபா பெறுமதியும் இல்லை.

இனி, நம்மவர்கள் மத்தியில் மட்டும் அதிகமாகக் காணப்படும் ஒரு பழக்கத்தைப் பேச வேண்டும். வீட்டை "ஈட்டுக்குக்" கொடுப்பது. பத்து அல்லது பதினைந்து இலட்சத்தை மொத்தமாக வாங்கிக்கொண்டு, மாத வாடகை இல்லாமல் வீட்டைக் கொடுப்பது. எழும்பும்போது முழுக் காசையும் திருப்பிக் கொடுக்க வேண்டும். சில இடங்களில் பெயருக்கு ஆயிரம் ரூபா வாடகை என்று வைப்பார்கள். கடன் கொடுத்தவர் அந்தக் கடனுக்காக வீட்டில் இலவசமாக இருக்கிறார் என்றால் அது வட்டியின் வாசலில் நிற்கிறது என்று உலமாக்கள் பலர் சொல்லி வருகிறார்கள். மார்க்கத் தீர்ப்பை அவர்களிடமே விட்டுவிடுகிறேன். நான் கண்ட நடைமுறை விளைவுகளை மட்டும் சொல்கிறேன்.

வாங்கிய காசு மகளின் கலியாணத்துக்கோ, மகனை வெளிநாடு அனுப்பவோ போய்விடும். திருப்பிக் கொடுக்கும் நாள் வரும்போது கையில் எதுவும் இருக்காது. ஆகவே அடுத்த குடும்பத்திடம் கூடுதலாக வாங்கி முதல் குடும்பத்துக்குக் கொடுப்பார். அடுத்த குடும்பம் கிடைக்காவிட்டால் முதல் குடும்பம் எழும்பாது. அது நியாயமும்கூட, அவர்களுடைய காசு உள்ளே இருக்கிறது. மறுபக்கம் பாருங்கள். 2021 இல் 15 இலட்சம் கொடுத்து ஈட்டு வீட்டில் இருந்தவர் 2024 இல் அதே 15 இலட்சத்தை வாங்கிக்கொண்டு எழும்பினார். இடையில் 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 வீதத்தைத் தொட்டது. அந்தக் காசை வைத்துக் காணி வாங்க நினைத்திருந்தவருக்குப் பிறகு அதில் பாதிக் காணியும் கிடைக்கவில்லை. இலவசமாக இருந்ததாக அவர் நினைத்த வீட்டுக்கு அவர் கொடுத்த வாடகை ஊரிலேயே ஆகக் கூடிய வாடகையாக முடிந்தது. வாடகை என்றால் வாடகையாகவே பேசுங்கள். முற்பணம் இரண்டு, மூன்று மாத வாடகைக்கு மேல் போகத் தேவையில்லை. அந்த முற்பணத்தையும் எடுத்துச் செலவழிக்காமல் தனியாக வையுங்கள், அது அமானிதம்.

உடன்படிக்கையில் என்ன எழுத வேண்டும் என்பதைச் சட்டத்தரணி பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடாதீர்கள். அவருக்கு உங்கள் வீட்டின் கிணற்று மோட்டாரைத் தெரியாது. நான் என் மேல்மாடியைக் கொடுத்தபோது ஒரே மீற்றர்தான் இருந்தது. "கரண்டோடு சேர்த்து 25,000 தாருங்கள் மகன்" என்று நண்பரின் மகனுக்குச் சொல்லிவிட்டேன். 2022 ஓகஸ்டில் மின்கட்டணம் சராசரியாக 75 வீதம் கூடியது. 2023 பெப்ரவரியில் இன்னொரு 66 வீதம். அவரிடம் குளிரூட்டி ஒன்று இருந்தது. நான் வெட்கத்தில் எட்டு மாதம் பேசாமல் இருந்தேன். ஒன்பதாவது மாதம் கோபத்தில் பேசினேன். இரண்டுமே பிழை. இப்போது உப மீற்றர் போட்டிருக்கிறேன். வாசிப்பை மாதம் முடிய இருவரும் சேர்ந்து பார்ப்போம், அலகுக் கட்டணம் மாறினால் அதுவும் மாறும் என்று எழுதியிருக்கிறோம்.

கரண்ட், தண்ணீர், சோலைவரி ஆகியவற்றை யார் கட்டுவது என்பது முதல் விடயம். அடுத்தது திருத்த வேலை. கூரை, சுவர், பிரதான குழாய்கள் வீட்டுக்காரருக்கு. மின்குமிழ், தண்ணீர்க் குழாய் வொஷர் போன்றவை இருப்பவருக்கு என்று பொதுவாக வைக்கலாம். ஆனால் ஒரு வசனத்தை மறக்க வேண்டாம்: வீட்டுக்காரரின் எழுத்து மூலமான சம்மதம் இல்லாமல் எந்த நிரந்தர வேலையும் செய்யக் கூடாது, சம்மதித்துச் செய்தால் அந்தச் செலவு எப்படிக் கழிக்கப்படும் என்பதை அந்த நேரமே எழுத வேண்டும். "நாங்களும் செலவழித்தோம்" என்ற வாதம் எல்லாப் பிரச்சினையிலும் வருகிறது. பெரும்பாலும் அது பொய்யும் அல்ல.

கொலன்னாவை, வெல்லம்பிட்டிப் பக்கம் வீடு வைத்திருப்பவர்கள் வெள்ளத்தைப் பற்றியும் எழுதிக்கொள்ள வேண்டும். 2016 இல் களனி கங்கை பெருகியபோது கழுத்தளவு தண்ணீர் நின்ற வீட்டுக்கு முழு மாத வாடகை கேட்டவர்களை நான் அறிவேன். 2025 நவம்பர் இறுதியில் திட்வா புயல் மலையகத்தையும் பள்ளத்தையும் ஒன்றாக அடித்த பிறகும் அதே பேச்சு எழுந்தது. இருப்பவரின் குற்றம் இல்லாமல் இயற்கை அனர்த்தத்தால் வீட்டைப் பாவிக்க முடியாமல் போனால் அந்தக் காலத்துக்கு வாடகைக் கழிவு கேட்க நம் நாட்டின் ரோமன் டச்சுச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. சட்டம் இருக்கட்டும். சேறு அள்ளிக்கொண்டிருக்கும் குடும்பத்திடம் வாடகைக்கு வாசலில் போய் நிற்பதற்கு முன் கொஞ்சம் யோசிக்க வேண்டாமா?

இப்போது முதலீட்டுக் கணக்கு. வட்டிக்குக் காசு போட விரும்பாத நம் சமூகத்துக்கு வீடு, கடை என்பது இயல்பான தெரிவு. அதனாலேயே கணக்குப் பார்க்காமல் வாங்குகிறோம். உதாரணத்துக்கு, தெஹிவளையில் 4 கோடி ரூபாவுக்கு ஒரு அடுக்குமாடி வீடு வாங்கி மாதம் 120,000 ரூபாவுக்குக் கொடுக்கிறீர்கள் என்று வையுங்கள். வருடத்தில் ஒரு மாதம் ஆள் இல்லாமல் கிடந்தால் வருவது 1,320,000. முகாமைத்துவக் கட்டணம் மாதம் 15,000 என்றால் 180,000 போகும். பெயின்ட், குழாய், சோலைவரிக்கு இன்னும் 110,000. மிஞ்சுவது 1,030,000. நாலு கோடிக்கு இது 2.6 வீதம்கூட இல்லை. விலை ஏறும் என்பதுதான் மிச்ச நம்பிக்கை. விலை ஏறலாம்தான், ஆனால் அவசரத்துக்கு விற்கப் போனால் எத்தனை மாதம் எடுக்கும் என்பதை விற்றுப் பார்த்தவர்களிடம் கேளுங்கள். அதே காசில் ஊரில் இரண்டு சிறிய வீடு, அல்லது நல்ல சந்தியில் இரண்டு கடை அறைகள் கூடுதலாகத் தரக்கூடும். நான் இதை ஒரு சூத்திரமாகச் சொல்லவில்லை. "கொழும்பில் ஒன்று கிடக்கட்டும்" என்ற கௌரவத்துக்காக வாங்குபவர்கள் அது கௌரவத்துக்குத்தான் என்று தெரிந்துகொண்டு வாங்கட்டும் என்கிறேன்.

வரியைப் பொறுத்தவரை நம்மிடம் இரண்டு விதமான தவறு இருக்கிறது. ஒரு சாரார் மறைக்கிறார்கள், மறு சாரார் தேவையில்லாமல் பயப்படுகிறார்கள். 2025 ஏப்ரல் முதல் தனிநபர் ஒருவருக்கு வருடத்துக்கு 1,800,000 ரூபா வரை வரி விலக்கு இருக்கிறது. உண்மைச் செலவைக் கோராவிட்டால், வாடகை வருமானத்தில் 25 வீதத்தைத் திருத்தச் செலவுக்கென்று கழிக்கவும் இடமுண்டு. வேறு வருமானம் இல்லாத ஒரு விதவைத் தாய்க்கு ஒரு வீட்டு வாடகை மட்டும் வருகிறது என்றால் பெரும்பாலும் கட்டுவதற்கு வரி இருக்காது. ஆனால் வாடகைக்கு எடுப்பது ஒரு நிறுவனம் என்றால், மாதம் 100,000 ரூபாவைத் தாண்டும் வாடகையில் 10 வீதத்தைப் பிடித்து வைத்துத்தான் தருவார்கள். அந்தக் காசைத் திரும்பக் கேட்க உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தில் வரி இலக்கமும் கோவையும் இருக்க வேண்டும். பயந்து கோவை திறக்காமல் இருப்பவர்கள் தங்களுடைய காசையே விட்டுக் கொடுக்கிறார்கள்.

யாருக்குக் கொடுப்பது என்பதும் நமக்குச் சாதாரண கேள்வி அல்ல. 2019 ஏப்ரல் 26 இரவு சாய்ந்தமருதில் நடந்தது வாடகைக்கு எடுக்கப்பட்ட ஒரு வீட்டில். அங்கே சந்தேகப்பட்டுத் தகவல் கொடுத்தவர்களும் ஊர் மக்கள்தான் என்பதைப் பிறகு பலர் வசதியாக மறந்துவிட்டார்கள். அதன் பிறகு அறிமுகமில்லாத குடும்பத்துக்கு வீடு கொடுக்க நம்மவர்களே பயந்தார்கள். அதே காலத்தில் நம் பெயரைக் கேட்டவுடன் "வீடு போய்விட்டது" என்று சொன்ன வீட்டுக்காரர்களும் இருந்தார்கள். வருடக்கணக்கில் இருந்த கடையை எழும்பித் தரச் சொல்லிக் கேட்ட உரிமையாளர்களும் இருந்தார்கள். பயத்துக்கு மருந்து விசாரித்துப் பார்ப்பதுதான், கதவை மூடுவது அல்ல. அடையாள அட்டைப் பிரதி, முன்பு இருந்த இடத்து கிராம சேவகரின் உறுதிப்படுத்தல், வேலை செய்யும் இடம், முந்திய வீட்டுக்காரரின் தொலைபேசி இலக்கம் ஆகியவற்றைக் கேளுங்கள். இருப்பவர்களின் விபரத்தைப் பொலிஸார் கேட்டால் உடனே கொடுக்கக்கூடியதாக வைத்திருங்கள். இதை எல்லோரிடமும் ஒரே மாதிரிக் கேளுங்கள். தெரிந்தவரின் மகன் என்பதற்காக விடவும் வேண்டாம், வேறு இனத்தவர் என்பதற்காகக் கூட்டவும் வேண்டாம். நமக்கு மறுக்கப்பட்டபோது நாம் பட்ட வேதனையை நம் வாசலுக்கு வருபவருக்கு நாம் கொடுக்கக் கூடாது.

"சொந்தக்காரனிடம் எழுதிக் கேட்டால் நம்பவில்லை என்று நினைப்பார்கள்" என்பதுதான் எழுதாமல் விடுவதற்கு எல்லோரும் சொல்லும் காரணம். குர்ஆனில் ஆக நீளமான வசனம் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பது பற்றியது என்று ஜும்ஆவில் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறோம். அந்த வசனம் அந்நியர்களுக்கு மட்டும் என்று எந்தக் கதீபும் சொன்னதாக எனக்கு ஞாபகம் இல்லை.

அந்தச் சகோதரியின் விடயத்துக்கு வருகிறேன். அடுத்த வாரம் இரண்டு தரப்பையும் அழைத்து மூன்று தடவை உட்கார்ந்தோம். வாடகைக்கு இருப்பவர் கெட்டவர் அல்ல, ஒரு தையல் கடை வைத்திருப்பவர். கூரைத் தகரம் மாற்றவும் மலசலகூடத்துக்கு மாபிள் பதிக்கவும் அவர் செலவழித்த 4 இலட்சத்துக்கு ஹாட்வெயார் கடைச் சீட்டுகளை ஒரு பொலித்தீன் பையில் கட்டி வைத்திருந்தார். அந்த வேலைகளுக்குச் சம்மதம் கொடுத்தது உம்மா என்று தம்பியும் ஒத்துக்கொண்டார். மாத வாடகை 30,000. முதல் நாள் சகோதரி அழுதார், இரண்டாம் நாள் அவர் அழுதார். மூன்றாம் நாள் ஒரு சட்டத்தரணித் தம்பி யோசனை சொன்னார். பத்து மாதத்துக்குப் புதிதாக ஒரு குத்தகை, நொத்தாரிசு முன்னிலையில். பத்து மாத வாடகையான 3 இலட்சமும் அவருடைய செலவில் கழிகிறது. மீதி ஒரு இலட்சத்தைத் திறப்பைக் கொடுக்கும் நாளில் சகோதரி கொடுக்க வேண்டும். அவர் வாடகைக்கு வந்தவர் என்பது இப்போது முதல் தடவையாகக் கடதாசியில் இருக்கிறது. அவர் போட்ட காசும் இருக்கிறது.

செலவு இரு தரப்பும் பாதிப் பாதி. போன வியாழக்கிழமை கையெழுத்து வைத்தார்கள். சகோதரியின் குடும்பம் அதுவரை தம்பியின் வீட்டு முன்னறையில் இருக்கிறது.